உங்க கவுன்சிலரோட ரெஸ்யூமே எங்க இருக்கு?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு நேயர் அனுப்பின வாய்ஸ் நோட். கேள்வி ரொம்ப சிம்பிள். "எங்க ஏரியா கவுன்சிலர் என்ன படிச்சிருக்கார், கவுன்சிலர் ஆகறதுக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தார்னு எங்க போய்ப் பார்க்கறது?"

இதைக் கேட்டதும் எனக்குத் தோணினது இதுதான். நான் வேலை பார்க்கறது சாஃப்ட்வேர் ஃபீல்டுல. எங்க டீமுக்கு ஒரு ஃப்ரெஷரை எடுக்கணும்னா ரெஸ்யூமே பார்க்கறோம், மூணு ரவுண்டு இன்டர்வியூ வைக்கறோம், பழைய ப்ராஜெக்ட் பத்தித் துருவித் துருவிக் கேக்கறோம். ஆனா நம்ம தெருவுல மழைநீர் வடிகால் வருமா வராதா, குப்பை வண்டி எத்தனை மணிக்கு வரும், தெருவிளக்கு எரியுமா எரியாதான்னு பேசற இடத்துல நம்ம சார்பா உட்கார்றவங்களைப் பத்தி நமக்குத் தெரிஞ்சது என்ன? பேனர்ல பார்த்த முகம், கட்சி, சின்னம். அவ்வளவுதான்.

அதனால இன்னிக்கு மூணு விஷயம் பேசப் போறேன். ஒண்ணு, இந்தத் தகவல் எங்க கிடைக்கும், அதை எப்படிப் படிக்கணும். ரெண்டு, நம்மை ஆள்றவங்க எந்தெந்தப் பாதையில அந்த இடத்துக்கு வர்றாங்க. மூணு, படிப்பு, வேலை, குடும்பம் இதெல்லாம் வச்சு ஒருத்தரை எந்த அளவுக்கு எடை போடலாம்.

முதல்ல, யார் யாரு?

சென்னையில இருக்கற ஒருத்தருக்கு நேரடியா ஓட்டுப் போட்டு அனுப்பற பிரதிநிதிகள் மூணு பேர். எம்பி, எம்எல்ஏ, கவுன்சிலர். சென்னை பேர்லயே மூணு மக்களவைத் தொகுதி இருக்கு: வட சென்னை, மத்திய சென்னை, தென் சென்னை. மாநகராட்சியில 200 வார்டு. 2011-ல பக்கத்து நகராட்சிகளையும் ஊராட்சிகளையும் சேர்த்தப்ப பரப்பளவு 174 சதுர கிலோமீட்டர்லேர்ந்து 426 ஆச்சு, 155 வார்டு 200 ஆச்சு.

இந்த மூணு பேர்ல வீட்டுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கறவர் கவுன்சிலர்தான். ஆனா நமக்கு ரொம்பக் கம்மியாத் தெரிஞ்சவரும் அவர்தான். அதுக்கு ஒரு வரலாற்றுக் காரணமும் இருக்கு. 2016 அக்டோபர்ல பழைய மாமன்றத்தோட பதவிக்காலம் முடிஞ்சுது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19. நடுவுல அஞ்சு வருஷத்துக்கு மேல சென்னையில ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. அதிகாரிகள்தான் நடத்தினாங்க. கொரோனா வந்ததும் அந்த இடைவெளியிலதான். 2021 நவம்பர்ல மழை கொட்டி தி.நகர் வரைக்கும் தண்ணி நின்னதும் அந்த இடைவெளியிலதான். 18 வயசுல முதல் ஓட்டு கிடைச்ச எத்தனையோ பேருக்கு, கவுன்சிலர்னு ஒருத்தர் இருப்பாரு, அவர்கிட்ட போய்க் கேக்கலாம்ங்கற பழக்கமே வராமப் போச்சு.

ரெஸ்யூமே கிடைக்கற இடம்

விஷயத்துக்கு வர்றேன். தேர்தல்ல நிக்கற ஒவ்வொருத்தரும் வேட்புமனுவோட ஒரு உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கணும். நாம அஃபிடவிட்னு சொல்றது. எம்பி, எம்எல்ஏ தேர்தல்ல இதுக்குப் பேர் படிவம் 26.

இதைக் கட்சிகள் மனசு வந்து கொடுத்துடலை. ஏடிஆர்ங்கற ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் போட்ட வழக்குல, 2002 மே மாசம் உச்ச நீதிமன்றம் சொன்னது: வேட்பாளரோட குற்ற வழக்கு, சொத்து, கடன், படிப்பு இதெல்லாம் தெரிஞ்சுக்கறது வாக்காளரோட அடிப்படை உரிமை. உடனே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அதை ஓரளவு நீர்த்துப் போக வைக்கப் பார்த்துது. 2003 மார்ச்ல பியூசிஎல் வழக்குல உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து பண்ணிடுச்சு. அதுக்கப்புறம் 2013-ல இன்னொரு தீர்ப்பு: எந்தக் கட்டத்தையும் காலியா விடக்கூடாது, "இல்லை"ன்னாவது எழுதணும். 2018-ல இன்னொண்ணு: சொத்து எவ்வளவுன்னு மட்டும் சொன்னாப் போதாது, வருமானம் எங்கேர்ந்து வந்ததுன்னும் சொல்லணும். ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னாடியும் யாரோ ஒருத்தர் கோர்ட்டுக்கு நடையா நடந்திருக்காங்க.

எம்பி, எம்எல்ஏ பத்திரங்களைத் தேர்தல் ஆணையத்தோட தளத்துலயே பார்க்கலாம். மைநேதான்னு ஏடிஆர் நடத்தற தளத்துல அதையே சுருக்கி அட்டவணையாப் போட்டிருப்பாங்க. உள்ளாட்சித் தேர்தலை நடத்தறது மாநிலத் தேர்தல் ஆணையம். அது வேற அமைப்பு. அவங்களும் வேட்பாளர்கள்கிட்ட இதே மாதிரி ஒரு உறுதிமொழி வாங்கறாங்க. கவுன்சிலர் பத்தித் தேடறவங்க அங்க தேடணும்.

எப்படிப் படிக்கறது?

பத்திரத்தைத் திறந்ததும் பலர் நேரா சொத்துக் கணக்குக்குப் போயிடுவாங்க. "யப்பா, இத்தனை கோடியா"ன்னு ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து க்ரூப்ல போட்டுட்டு மூடிடுவாங்க. ஆனா சொத்து எண் தனியாப் பெருசா எதையும் சொல்லாது. சென்னையில தாத்தா காலத்து வீடு ஒண்ணு இருந்தாலே சிலர் கோடீஸ்வரர் கணக்குல வந்துடுவாங்க. பார்க்க வேண்டியது வித்தியாசத்தை. ஒருத்தர் ரெண்டு தேர்தல்ல நின்னிருந்தா ரெண்டு பத்திரத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. கோட்ல ரெண்டு வெர்ஷனுக்கு நடுவுல டிஃப் பார்ப்போமே, அதே மாதிரி. என்ன கூடியிருக்கு, எதனால கூடியிருக்கு? பழைய நிலத்தோட மதிப்பு ஏறியிருக்கா, இல்ல புது நிலம் வந்திருக்கா? படிவம் 26-ல கடைசி அஞ்சு வருஷ வருமான வரிக் கணக்குல காட்டின வருமானமும் இருக்கும். அந்த வருமானத்துக்கும் புதுசா வாங்கின சொத்துக்கும் பொருத்தம் இருக்கான்னு பார்த்தா, கேக்க வேண்டிய கேள்வி தானா வந்துடும்.

அடுத்தது வழக்கு. "இவர் மேல ஏழு கேஸ்"னு எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீங்க, பிரிவைப் பாருங்க. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல 143 சட்டவிரோதமாக் கூடறது, 188 அரசு உத்தரவை மீறறது, 341 வழிமறிக்கறது. போராட்டம், மறியல்னு போற எந்தக் கட்சிக்காரர் மேலயும் இதெல்லாம் இருக்கும். தண்ணி வரலைன்னு காலிக் குடத்தோட ரோட்ல உட்கார்ந்தாக்கூட இது வரும். ஆனா 307 கொலை முயற்சி, 420 ஏமாத்தறது, 406 நம்பிக்கை மோசடி. இதெல்லாம் வேற ரகம். 2024 ஜூலை 1-லேர்ந்து பாரதிய நியாய சன்ஹிதா வந்துட்டதால புது வழக்குகள்ல எண்கள் மாறியிருக்கும், அதையும் கவனிங்க. இன்னொண்ணு, வழக்கு நிலுவையில இருக்கறதும் தண்டனை கிடைச்சதும் ஒண்ணு கிடையாது. பத்திரத்துல ரெண்டுக்கும் தனித்தனி இடம் இருக்கு. பொதுவா ரெண்டு வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை வந்தா எம்பி, எம்எல்ஏ பதவி போயிடும். 2013-ல லில்லி தாமஸ் வழக்குத் தீர்ப்புக்கு அப்புறம், மேல்முறையீடு பண்ணிட்டேன்ங்கற காரணம் மட்டும் அந்தப் பதவியைக் காப்பாத்தாது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். இந்தப் பத்திரத்துல இருக்கறது எல்லாம் வேட்பாளர் தானே சொன்னது. ஆணையம் ஒவ்வொரு வரியையும் ஆடிட் பண்ணி முத்திரை குத்தித் தர்றதில்லை. எம்பி, எம்எல்ஏ பத்திரத்துல பொய் சொன்னா மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ பிரிவுப்படி ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்ல அபராதம், இல்ல ரெண்டும். ஆனா பொய்னு நிரூபிக்க யாராவது மெனக்கெடணும்.

'தொழில்' கட்டத்துல என்ன எழுதியிருக்கு?

எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம் இதுதான். தனக்கும் துணைவருக்கும் தொழில் என்னன்னு எழுதணும். நாட்டுல எந்தத் தொகுதியை எடுத்தாலும் திரும்பத் திரும்ப வர்ற ரெண்டு பதில்: "சமூக சேவை", "விவசாயம்".

முதல் மக்களவையில, அதாவது 1952-ல, சுமார் மூணுல ஒரு பங்கு உறுப்பினர்கள் வக்கீல்கள். சுதந்திரப் போராட்டத்துக்குள்ள வந்தவங்கள்ல பெரிய கூட்டம் சட்டம் படிச்சவங்க. இன்னிக்கு அந்தக் கூட்டம் ரொம்பச் சுருங்கிடுச்சு. அந்த இடத்துல அரசியலையே முழுநேரமாப் பண்றவங்களும், தொழில், வியாபாரம் பண்றவங்களும் வந்திருக்காங்க.

"சமூக சேவை"ன்னா சம்பளம் எங்கேர்ந்து வருது? இதை நக்கலாக் கேக்கலை. நிஜமாவே ரொம்ப முக்கியமான கேள்வி. "விவசாயம்"ங்கறதுல இன்னொரு நுணுக்கம் இருக்கு. விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது. நிஜமாவே வயல்ல இறங்கி உழைக்கறவரும் அந்த ஒரே வார்த்தையைத்தான் எழுதணும், ஊர்ல குத்தகைக்கு விட்ட ரெண்டு ஏக்கரை வச்சுக்கிட்டு நகரத்துல வேற தொழில் பண்றவரும் அதையேதான் எழுதலாம். அதனாலதான் அந்த வார்த்தையோட நிறுத்தாம, பக்கத்துல இருக்கற நிலக் கணக்கையும், துணைவரோட தொழிலையும், அரசு ஒப்பந்தம் ஏதாவது இருக்கான்னு கேக்கற கட்டத்தையும் சேர்த்துப் படிக்கணும். மாநகராட்சியோட ஒப்பந்தத்துல தனக்கு ஆதாயம் இருக்கற ஒருத்தர் அதே மாநகராட்சியில கவுன்சிலரா இருக்கக்கூடாதுங்கறது சட்டம். ரோடு போடறவரும், போட்ட ரோடு சரியான்னு கேக்கறவரும் ஒரே ஆளா இருக்கக்கூடாது இல்லையா?

இப்ப சம்பளக் கணக்கு. தமிழ்நாட்டுல எம்எல்ஏவுக்கு 2017-ல மாசம் 55,000 ரூபாயிலேர்ந்து 1,05,000 ரூபாய்க்கு உயர்த்தினாங்க. மாநகராட்சிக் கவுன்சிலருக்கு? 2023-ல அரசு அறிவிச்ச மதிப்பூதியம் மாசம் 10,000 ரூபாய். துணை மேயருக்கு 15,000, மேயருக்கு 30,000. அதுக்கு முன்னாடி கூட்டத்துக்கு வந்தா ஒரு சின்ன அமர்வுப்படி மட்டும்தான்.

இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. காலைல ஆறு மணிக்குத் தண்ணி லாரி வரலைன்னு போன். பத்து மணிக்கு மண்டல அலுவலகம். சாயங்காலம் வார்டுல ஒரு சாவு, ஒரு கல்யாணம், ரெண்டுக்கும் போகணும். மழை வந்தா ராத்திரி முழுக்க மோட்டார் பக்கத்துல நிக்கணும். இவ்வளவுக்கும் மாசம் பத்தாயிரம். நம்மள்ல யாராவது வேலையை விட்டுட்டு இதுக்குப் போவோமா? வேலையை வச்சுக்கிட்டே இதைப் பண்ணவும் முடியாது.

அப்ப யாரால முடியும்? ஏற்கெனவே சொத்து இருக்கறவங்களால, சொந்தமாக் கடை, வாடகை, வியாபாரம்னு வேற வருமானம் வர்றவங்களால, வீட்ல இன்னொருத்தர் சம்பாதிக்கறவங்களால, இல்ல கட்சியே வாழ்க்கைன்னு இருக்கறவங்களால. இன்னொரு வழியும் இருக்கு, அது எல்லாருக்கும் தெரியும்: பதவியையே வருமானமா மாத்திக்கறது. புது வீடு கட்டினா, போர் போட்டா "கவுன்சிலரைப் பார்த்துட்டீங்களா"ன்னு மேஸ்திரி கேக்கறது எதுக்குன்னு நான் விளக்கத் தேவையில்லை. "அரசியல்வாதிக்கு எதுக்குச் சம்பளம்"னு நாம கோபமாக் கேக்கறப்ப, மாசச் சம்பளத்தை நம்பி வாழற ஒரு நேர்மையான ஆளுக்கும் சேர்த்துத்தான் கதவை மூடறோம். கவுன்சிலர்களோட பின்னணி ஏன் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இருக்குங்கறதுக்கு என்னைப் பொறுத்தவரைக்கும் பாதி விடை இங்கதான் இருக்கு.

ரிப்பன் மாளிகைக்குப் போற வழிகள்

மீதிப் பாதிக்கு வரலாறு பார்க்கணும். சென்னை மாநகராட்சி 1688-ல ஆரம்பிச்சது, இந்தியாவுலயே பழசு. முதல் மேயர் நத்தானியல் ஹிக்கின்சன், கிழக்கிந்தியக் கம்பெனி ஆளு. அங்கேர்ந்து இன்னிக்கு வரைக்கும் அந்த நாற்காலிக்கு வந்தவங்களைப் பார்த்தா, ஒவ்வொரு காலத்துலயும் அரசியலுக்குள்ள நுழையற வாசல் எங்க இருந்துதுன்னு தெரியும்.

பிட்டி தியாகராயர். தி.நகர்ல இருக்கற அந்த 'தி' இவர்தான். நெசவுத் தொழில், வியாபாரம். சுமார் நாற்பது வருஷம் மாநகராட்சி உறுப்பினர். 1920 வாக்குல, இவர் தலைவரா இருந்தப்பதான் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில குழந்தைகளுக்கு மதிய உணவு ஆரம்பிச்சாங்க. அடுத்து சத்தியமூர்த்தி, வக்கீல், காங்கிரஸ்காரர். 1939-ல மேயர். சென்னைக் குடிதண்ணிக்குப் பூண்டி நீர்த்தேக்கத் திட்டத்தை விடாப்பிடியா நகர்த்தினவர். 1945-ல மேயரான என்.சிவராஜ் சட்டக் கல்லூரிப் பேராசிரியர், தலித் இயக்கத் தலைவர். 1956-ல தாரா செரியன், முதல் பெண் மேயர். சமூக நல அமைப்புகள்ல வேலை பார்த்து வந்தவர். அவரோட கணவர் பி.வி.செரியன் அறுவை சிகிச்சை மருத்துவர், அவரும் முன்னாடியே மேயரா இருந்தவர்.

கவனிச்சீங்களா? வியாபாரி, வக்கீல், பேராசிரியர், மருத்துவர், சமூக சேவகி. ஏற்கெனவே நகரத்துல பேர் எடுத்தவங்க பதவிக்கு வந்தாங்க. 1959-ல திமுக மாநகராட்சியைப் பிடிச்சதுக்கு அப்புறம் வாசல் இடம் மாறுது. பேரும் பணமும் இல்லாதவங்களுக்கும் ஒரு ஏணி கிடைக்குது. அந்த ஏணி கட்சி. வட்டம், பகுதி, மாவட்டம்னு படிப்படியா ஏறணும். போஸ்டர் ஒட்டறதுலேர்ந்து ஆரம்பிச்சு, வட்டச் செயலாளர் ஆகி, கவுன்சிலர் சீட்டு கேக்கற அந்தப் பாதை இன்னிக்கு வரைக்கும் எல்லாக் கட்சிக்கும் பொது.

1996-ல மேயரை மக்களே நேரடியாத் தேர்ந்தெடுத்தப்ப ஜெயிச்சவர் மு.க.ஸ்டாலின். அப்புறம் உள்ளாட்சித் துறை அமைச்சர், துணை முதல்வர், 2021-ல முதல்வர். 2006-ல மேயரான மா.சுப்பிரமணியன், 2016-ல சைதாப்பேட்டை எம்எல்ஏ, 2021-ல சுகாதாரத் துறை அமைச்சர். 2011-ல நேரடித் தேர்தல்ல ஜெயிச்ச சைதை துரைசாமி, ஐஏஎஸ் தேர்வுக்கு இலவசப் பயிற்சி கொடுக்கற மையத்தால பலருக்குத் தெரிஞ்சவர். 2022 மார்ச்ல ஆர்.பிரியா. அப்ப வயசு 28, எம்.காம். முதல் தலித் பெண் மேயர், மூணாவது பெண் மேயர். அந்தத் தடவை சென்னை மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்துது. இவரும் குடும்பமாவே கட்சியில இருந்த வடசென்னைக்காரர்.

சென்னையைத் தாண்டியும் பார்ப்போம். அதே 2022-ல, புதுசா மாநகராட்சி ஆன கும்பகோணத்துக்கு முதல் மேயர் க.சரவணன். ஆட்டோ ஓட்டுநர், காங்கிரஸ்காரர். கூட்டணிப் பங்கீட்டுல அந்தப் பதவி அவங்க கட்சிக்கு வந்துது. வேலூர் மாநகராட்சியில 37-வது வார்டுல திருநங்கை கங்கா நாயக் ஜெயிச்சாங்க. கேரளாவுல 2020 டிசம்பர்ல திருவனந்தபுரம் மேயரான ஆர்யா ராஜேந்திரனுக்கு அப்ப 21 வயசு, கல்லூரி மாணவி. குழந்தைகள் அமைப்பு, மாணவர் சங்கம்னு கட்சி வழியா வந்தவங்க. 21 வயசுல அதிர்ஷ்டம் அடிச்ச மாதிரி தெரியும், ஆனா அதுக்கு முன்னாடி பல வருஷ அமைப்பு வேலை இருந்திருக்கு.

இன்னொரு விஷயம், 2022-ல மேயரை நாம நேரடியாத் தேர்ந்தெடுக்கலை, கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தாங்க. அப்ப மேயரோட வேலை யார் கையில இருக்கு? கட்சி கையிலயும் கவுன்சிலர்கள் கையிலயும். 2024 ஜூலையில கோவை, நெல்லை மேயர்கள் ரெண்டு பேரும் பதவிக்காலம் பாதியில இருக்கறப்பவே ராஜினாமா பண்ணினாங்க.

அப்பா யாரு?

இதைப் பேசாம முடிக்க முடியாது. 2024-ல சென்னையோட மூணு தொகுதியிலயும் ஜெயிச்சவங்களோட தொழில் பின்னணி: தமிழச்சி தங்கபாண்டியன் ஆங்கிலப் பேராசிரியர், கவிஞர். கலாநிதி வீராசாமி மருத்துவர். தயாநிதி மாறன் தொழில் துறையிலேர்ந்து வந்தவர். மூணு பேரும் மூணு துறை. ஆனா மூணு பேரோட அப்பாவும் அமைச்சரா இருந்தவங்க: தங்கபாண்டியன், ஆற்காடு வீராசாமி, முரசொலி மாறன். படிவம் 26-ல தொழில் கட்டம் இருக்கு, அப்பா பேரும் இருக்கு. அப்பாவோட தொழில் கட்டம்தான் இல்லை.

குடும்பப் பின்னணி இருந்தாலே தகுதி இல்லைன்னு நான் சொல்ல வரலை. மக்கள் ஓட்டுப் போட்டுத்தான் ஜெயிச்சிருக்காங்க. வேற கட்சிகள்லயும், வேற மாநிலங்கள்லயும் இதே கதைதான். ஆனா ஏணியில எந்தப் படியிலேர்ந்து ஏற ஆரம்பிச்சாங்கன்னு தெரிஞ்சாத்தான், அதே ஏணியில கீழ்ப் படியிலேர்ந்து ஒருத்தர் மேல வந்தா அது எவ்வளவு பெரிய விஷயம்னு புரியும்.

படிச்சவங்க மட்டும் வந்தா சரியாயிடுமா?

நம்ம ஐடி நண்பர்கள் மத்தியில அடிக்கடி வர்ற பேச்சு இது. "மச்சி, பியூன் வேலைக்கே டிகிரி கேக்கறாங்க, எம்எல்ஏவுக்கு வேணாமா?" இது இன்னிக்கு நேத்து வந்த கேள்வி இல்லை. 1949 நவம்பர் 26, அரசியலமைப்புச் சட்டத்தை நிறைவேத்தின அன்னிக்கு, ராஜேந்திர பிரசாத்தே இதை ஒரு வருத்தமாச் சொன்னார்: சட்டத்தை நிர்வகிக்கறவங்களுக்குத் தகுதி கேக்கறோம், சட்டம் பண்றவங்களுக்கு, ஜெயிக்கறதைத் தவிர வேற தகுதி கேக்கலையேன்னு.

ரெண்டு மாநிலம் இதைச் செஞ்சும் பார்த்தது. 2014-ல ராஜஸ்தான், 2015-ல ஹரியானா, பஞ்சாயத்துத் தேர்தல்ல நிக்கறதுக்குக் கல்வித் தகுதி வச்சாங்க. ஹரியானா சட்டத்தை உச்ச நீதிமன்றமும் ராஜ்பாலா வழக்குல ஏத்துக்கிச்சு. அதனால வெளிய போனது யாரு? பள்ளிக்கூடம் கிடைக்காத தலைமுறை, அதுலயும் பெண்கள், அதுலயும் தலித் பெண்கள். ஊர்ல பள்ளிக்கூடம் கட்டாதது அரசாங்கம், அதுக்குத் தண்டனை படிக்காம விட்டவங்களுக்கா? 2019-ல ராஜஸ்தான் அந்தச் சட்டத்தைத் திரும்ப வாங்கிடுச்சு.

தமிழ்நாட்டுல காமராஜர் பேரைச் சொன்னா இந்த விவாதமே முடிஞ்சுடும்னு நினைக்கறவங்க உண்டு. நான் அப்படி முடிக்க மாட்டேன். ஒருத்தரை வச்சு விதி எழுத முடியாது. ஆனா அவர்கிட்டேர்ந்து ஒண்ணு எடுத்துக்கலாம். பள்ளிப் படிப்பைப் பாதியில விட்டவர் முதல்வர் ஆகறதுக்கு முன்னாடி, பல வருஷம் காங்கிரஸ் கமிட்டியோட தலைவரா ஊர் ஊராச் சுத்தியிருந்தார். டிகிரி கட்டம் காலி, அனுபவக் கட்டம் நிறைய. எங்க ஃபீல்டுலயும் இது தெரிஞ்ச கதைதானே? டிகிரி பார்த்து எடுத்த ஆள் திணறுவார், டிப்ளமோ முடிச்சு வந்தவர் சர்வர் விழுந்த ராத்திரியில காப்பாத்துவார்.

பெயர் யாரோடது, வேலை யாரோடது?

தமிழ்நாட்டுல உள்ளாட்சியில பாதி இடம் பெண்களுக்கு. 33 சதவீதமா இருந்ததை 2016-ல 50 ஆக்கினாங்க. 2022-ல 21 மாநகராட்சியில 11 மேயர் பதவி பெண்களுக்கு. பெரிய மாற்றம்தான். ஆனா பல வார்டுல நீங்களே பார்த்திருப்பீங்க, கவுன்சிலருக்குப் போன் போட்டா எடுக்கறது அவங்க வீட்டுக்காரர். ஆய்வுக்கு வர்றது அவர், அதிகாரிகிட்ட பேசறது அவர். வடக்குல இதுக்கு "சர்பஞ்ச் பதி"ன்னே பேர் வச்சிட்டாங்க.

இங்க ரெஸ்யூமே நம்மள ஏமாத்தும். பத்திரத்துல இருக்கற பேர் ஒண்ணு, நாற்காலியில உட்கார்றது இன்னொண்ணு. ஆனா இதை வச்சு "பெண்களுக்கு ஒதுக்கியே பிரயோஜனம் இல்லை"ன்னு சொல்றது தப்பு. முதல் தடவை வீட்டுக்காரர் நிழல்ல வந்தவங்க, மாமன்றத்துல எழுந்து பேசிப் பேசியே தனியா நிக்கக் கத்துக்கலாம். அதுக்கு நாமளும் ஒண்ணு பண்ணலாம். "சார் இருக்காரா"ன்னு கேக்காம "கவுன்சிலர் மேடம்கிட்ட பேசணும்"னு கேளுங்க. மனுவை அவங்க பேருக்கே எழுதுங்க.

சரி, எதை வச்சு எடை போடறது?

நான் இதையெல்லாம் படிச்சதுக்கு அப்புறம் எனக்குன்னு அஞ்சு கேள்வி வச்சுக்கிட்டேன்.

ஒண்ணு, பதவிக்கு வர்றதுக்கு முன்னாடி அஞ்சு வருஷம் இவர் இந்த ஏரியாவுல என்ன பண்ணிக்கிட்டிருந்தார்? கட்சி வேலையா இருந்தாலும் சரி, குடியிருப்போர் சங்கமா இருந்தாலும் சரி.

ரெண்டு, வருமானம் எங்கேர்ந்து? பதவியை நம்பாம வாழ வழி இருக்கா?

மூணு, ரெண்டு பத்திரத்துக்கு நடுவுல என்ன மாறியிருக்கு?

நாலு, வழக்கு எந்தப் பிரிவு? மக்கள் பிரச்சினைக்காகப் போட்டதா, மக்கள்கிட்டேர்ந்து எடுத்ததுக்காகப் போட்டதா?

அஞ்சு, மாமன்றக் கூட்டத்துல வார்டு பத்தி எழுந்து பேசறாரா? இது மட்டும் எந்தப் பத்திரத்துலயும் வராது. கூட்டம் நடந்த மறுநாள் செய்தித்தாள்ல, உள்ளூர் பக்கத்துல தேடணும்.

படிப்பு இந்த அஞ்சுல இல்லை. வேணும்னே விட்டது.

கடைசியா ஒரு ஹோம்வொர்க். உங்க வார்டு எண் தெரியலைன்னா, சொத்து வரி ரசீதைப் பாருங்க, இல்ல மாநகராட்சித் தளத்துல தெருப் பேரைப் போட்டுத் தேடுங்க. உங்க கவுன்சிலர், எம்எல்ஏ, எம்பி மூணு பேரோட பத்திரத்தையும் ஒரு தடவை முழுசாப் படிங்க. ஒரு மணி நேர வேலைதான், வாரக் கடைசியில ஒரு படம் பார்க்கற நேரத்தைவிடக் கம்மி. 2022-ல வந்த விதிகள்படி ஒவ்வொரு வார்டுக்கும் வார்டு கமிட்டியும் ஏரியா சபையும் இருக்கணும். கிராமத்துல கிராம சபை மாதிரி, நகரத்துல இது. அது உங்க ஏரியாவுல எப்ப கூடுதுன்னு கவுன்சிலர் அலுவலகத்துல கேளுங்க. கூடவே இல்லைன்னா, ஏன் கூடலைங்கறதுதான் உங்க முதல் கேள்வி.

அந்தக் கூட்டத்துக்குப் போனவங்க அனுபவத்தை எனக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. பேர் போட வேணாம்னா சொல்லுங்க, போட மாட்டோம். அடுத்த எபிசோடுல மாநகராட்சி பட்ஜெட்டைப் பிரிச்சுப் பார்க்கலாம். நீங்க கட்டற சொத்து வரி எங்க போகுதுன்னு. அது வரைக்கும், வணக்கம்.